இங்கினியாகலயா, பொத்துவில் களப்பா, நம்ம வாவியா? தண்ணீரில் போய் விலங்கு பார்க்க எது தோது

கனடாவில் இருந்து சித்தி குடும்பம் மே மாதம் வந்தது. யானை பார்க்க வேணும், ஆனால் ஜீப்பில் நாள் முழுக்கக் குலுங்க ஏலாது என்று சித்தி வருமுன்பே சொல்லிவிட்டார். அதோடு ஜீப்பில் சுற்ற வேண்டிய குமண தேசிய பூங்கா கழன்றது. மிஞ்சியவை தண்ணீர்வழி போகிற மூன்று இடங்கள்: வீட்டு வாசலில் இருக்கும் மட்டக்களப்பு வாவி, பொத்துவில் களப்பு, அம்பாறைக்கு மேற்கே இங்கினியாகலயில் சேனநாயக்க சமுத்திரம் என்கிற பெரிய குளம். நாங்கள் இங்கினியாகலக்குப் போனோம். யார் கேட்டாலும் இப்போதும் அதைத்தான் சொல்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

வாவியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. செலவு குறைவு, அலைச்சல் இல்லை. பாலமீன்மடு வெளிச்சவீட்டடியில் கண்டல் ஓரமாகப் போனால் கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி, சில வேளை நீந்திப் போகும் கபரக்கொய்யான் (நீர் உடும்பு) எல்லாம் கண்ணில் படும். பாடும் மீன் கேட்க வேண்டுமென்றால் நிலவு இரவில் கல்லடிப் பாலத்தடிக்குப் போக வேண்டும். அது வேறு கதை, காதுக்கு உரியது. பின்னேரம் ஒரு மணித்தியாலம் போக வாவி அருமை. வெளிநாட்டில் இருந்து யானைக்கென்று வந்தவர்களை அங்கே ஏற்றினால் இறங்கும்போது முகம் சொல்லிவிடும்.

பொத்துவில்தான் உண்மையான போட்டி. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று கரையோர வீதியால் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எஞ்சின் இல்லாத தோணியில், களப்பில் தொழில் செய்கிற ஆட்களே கம்பு ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்த அமைதிக்கு விலையே இல்லை. கண்டல் வேர்களுக்குள் நண்டு ஓடுவது கேட்கும். செம்பருந்து தலைக்கு மேலே வட்டமிடும். வெயிலுக்குக் கரையேறிக் கிடக்கும் முதலையைக் கண்டால் பிள்ளைகள் மூச்சுவிட மறந்துவிடுவார்கள். விலங்குக்குப் பக்கத்தில் போவதுதான் கணக்கென்றால் எஞ்சின் படகு இந்தத் தோணிக்கு உறை போடக் காணாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் யானை? பின்னேரத்தில் களப்போரம் வரும் என்கிறார்கள், வருவதும் உண்மைதான். முன்பொருமுறை போனபோது தோணிக்காரக் காக்காவிடம் "இண்டைக்கு யானை காணலாமா?" என்று கேட்டேன். "குருவிக்கு நான் பொறுப்பு தம்பி, யானைக்கு அல்லாஹ்தான் பொறுப்பு" என்றார். அன்றைக்குக் குருவிகள் நிறையக் கண்டோம்.

இனி இங்கினியாகல. பட்டிப்பளை ஆற்றை (சிங்களத்தில் கல்லோயா) மறித்து, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் கட்டிய குளம் இது. இலங்கையின் மிகப் பெரிய குளம். தண்ணீர் ஏறியபோது பள்ளங்கள் மூழ்கி, மேடுகள் தீவுகளாக நின்றுவிட்டன. அந்தக் காலத்து மரங்கள் சில பட்டுப்போய் இன்னும் தண்ணீருக்குள் எலும்பாக நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றில் இறக்கை விரித்துக் காயும். 1954இல் இந்தக் குளத்துக்கு நீர் தரும் காட்டைக் காக்க கல்லோயா தேசிய பூங்கா வந்தது. பூங்காவை ஜீப்பில் அல்லாமல் படகில் சுற்றிப் பார்ப்பதுதான் இங்கே வழக்கம். யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதும் இங்கேதான். தும்பிக்கை நுனியும் மண்டையும் மட்டும் வெளியே தெரிய, இவ்வளவு பெரிய உடம்பு ஓசையே இல்லாமல் நகரும்.

நிபந்தனை என்றேனே, அது நீர்மட்டம். பெரும்பாலானவர்கள் மாதத்தைக் கேட்டுப் போகிறார்கள். மார்ச் முதல் ஜூலை வரை நல்லது என்பது பொதுக்கணக்கு, பிழையில்லை. ஆனால் யானையைக் கரைக்குக் கொண்டுவருவது மாதம் இல்லை, புல். அது எப்படி நடக்கிறது என்றால், வாடைக்காற்று மழையில் குளம் நிறையும்போது தண்ணீர் காட்டின் ஓரம் வரை ஏறி நிற்கும். கரை என்று ஒன்றே இருக்காது. யானை மரத்துக்குள் நிற்கும், நீங்கள் படகில் இருந்து பச்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டு வருவீர்கள். பிறகு சிறுபோகம் தொடங்கும். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்க வயல்களுக்கு வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். குளம் வற்ற வற்ற, தண்ணீருக்கும் காட்டுக்கும் நடுவே ஈரமண் வெளிப்பட்டு, அதில் இளம்புல் முளைக்கும். யானை, எருமை, புள்ளிமான் எல்லாம் அதற்குத்தான் இறங்கி வருகின்றன. நாம் உண்ணும் சோற்றுக்குப் போன தண்ணீர் விட்ட இடத்தில்தான் அவற்றின் தீன் விளைகிறது.

அதேநேரம் மிதமிஞ்சி வற்றினாலும் சரிவராது. மேடுகள் கரையோடு ஒட்டி, தீவு தீவாக இல்லாமல் போகும். யானைக்கு நீந்த வேண்டிய தேவையே இராது, நடந்தே போய்விடும். படகும் பட்ட மரக்கட்டைகளுக்குப் பயந்து நடுக்குளத்தோடு நிற்கும். ஆக நீங்கள் தேடுவது இடைப்பட்ட ஒரு மட்டம்: புல் முளைக்கும் அளவு இறங்கியிருக்க வேண்டும், தீவுகள் தனித்து நிற்கும் அளவு மிச்சமும் இருக்க வேண்டும். மாரி பொய்த்த வருடத்தில் அந்த மட்டம் முன்னதாகவே வந்து போய்விடும், நல்ல மழை பெய்த வருடத்தில் பிந்தி வரும். எனவே பதிவு செய்யுமுன் படகுக்காரரிடம் "யானை இருக்கா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்று எவர் சொல்வார்? "தண்ணி காட்டோரத்தில நிக்குதா, புல்லு தெரியுதா?" என்று கேளுங்கள். சம்மாந்துறையில் வயல் செய்கிற சொந்தக்காரர் இருந்தால் இன்னும் நல்லது. குளத்தில் எவ்வளவு நிற்கிறது, எப்போது திறந்தார்கள் என்பது அவர்களுக்கு விரல்நுனியில் இருக்கும்.

நாங்கள் அப்படிக் கேட்டுத்தான் போனோம். ஒரு கரையில் குட்டிகளோடு கூட்டமாகப் புல் மேய்ந்துகொண்டு நின்றன. ஓட்டுநர் தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தி, காற்றோடு படகை மெல்ல ஒதுங்க விட்டார். சித்தி செபமாலையைக் கையில் எடுத்ததைத் தவிர யாரும் அசையவில்லை. பறவைத் தீவில் நீர்க்காகமும் கொக்கும் கூடு கட்டியிருந்தன. கிட்டப் போகுமுன் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: நீந்துகிற யானையைச் சுற்றி வட்டமடிக்கச் சொல்லி ஓட்டுநரை அரியண்டப்படுத்தாதீர்கள். அது களைத்துப்போனால் கால் ஊன்ற நிலம் இல்லாத இடம் அது.

அலைச்சல், காசு என்று பார்த்தால்: அம்பாறை நகரில் இருந்து இங்கினியாகல சுமார் 20 கிலோமீட்டர். மட்டக்களப்பில் இருந்து விடியப்புறம் வெளிக்கிட்டாலும் விடிகாலைப் படகு பிடிப்பது கஷ்டம், முதல்நாள் அம்பாறையில் தங்குவது புத்தி. பூங்கா நுழைவுச்சீட்டில் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, கனடாக் கடவுச்சீட்டுக்காரர்களை முன்பே எச்சரித்து வையுங்கள். படகுக்குத் தனியாகக் கட்ட வேண்டும், அதனால் ஆள் சேர்த்துப் போனால் தலைக்குக் குறையும். பொத்துவில் இதைவிட மலிவு. படகில் எங்களோடு வந்தவர்கள் சிங்களம்தான் பேசினார்கள், எங்கள் தம்பிக்குச் சிங்களம் தெரிந்தது உதவியது. மேலே கூரை இல்லாத படகு என்றால் ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் பொரிக்கும். உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கிப் போடுங்கள், பிள்ளைகளுக்குப் பொருந்துகிற அளவு உண்டா என்று ஏறுமுன் பாருங்கள்.

மாரியில் நான் இங்கினியாகலக்குப் போனதில்லை. காட்டோரம் தண்ணீர் ஏறி நிற்பதைப் பற்றிச் சொன்னது படகுக்காரரும் அம்பாறை நண்பர்களும் சொன்னதைக் கேட்டுத்தான். பொத்துவிலில் யானை காணாமல் திரும்பியதும் என் ராசியாக இருக்கலாம், கண்டவர்களின் படங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் விருந்தாளிகள் நத்தாருக்கு வருகிறார்கள் என்றால் என் கணக்கு அப்படியே மாறும். குளம் நிறைந்து வருகிற காலம், இங்கினியாகலக்கு ஏன் அவ்வளவு காசு? அக்டோபருக்குப் பிறகு வடக்கே இருந்து வலசை வந்த பறவைகள் மார்ச் வரை நம் பக்கம் நிற்கும். மழை விட்டு முகத்துவாரம் வெட்டி, களப்பில் தண்ணீர் இறங்கிச் சேறு தெரியத் தொடங்கினால் பொத்துவிலுக்கு விடுங்கள் வானை. ஒரு பழைய சேர்ட்டும் செருப்பும் கொண்டுபோங்கள், தோணியில் ஏறும்போது முழங்கால்வரை சேறு.