தனிமனிதரா, சமூகமா: பினாங்கு மருத்துவரும் பத்து வெள்ளித் தவணையும்

மனிதகுலம் முன்னேறுவது தனிமனிதர்களாலா, சமூகத்தாலா? கோலாலம்பூர்ப் பட்டிமன்றங்களுக்கு ஏற்ற தலைப்பு. இரு கட்சிக்கும் சாட்சி தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

தனிமனிதர் கட்சி முதலில் அழைக்க வேண்டியவர், 1879இல் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் டே. 1910 கடைசியில் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் பிளேக் பரவியபோது, எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்றே பலரும் நம்பினார்கள். இது மூச்சு வழியாகத் தொற்றுகிறது என்றார் இவர். வலைத்துணி மடிப்புக்குள் பஞ்சு வைத்து முகக்கவசம் செய்யச் சொன்னார். அதை அணியாமல் நோயாளிகளைப் பார்க்கப் போன பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி, சில நாட்களில் அதே நோயில் இறந்துபோனார். சுமார் 60,000 உயிர்களைக் குடித்த நோய் 1911 ஏப்ரல் வாக்கில் அடங்கியது.

சரி, ஒருவர் சொன்னதால் மட்டுமா அடங்கியது? ரயில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தினார்கள், சரக்குப் பெட்டிகளில் ஆட்களைத் தனிமைப்படுத்தினார்கள், புதைக்கும் வழக்கத்தை மீறிச் சடலங்களை எரிக்க அரசே அனுமதித்தது. அவரை உருவாக்கியதிலும் 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலுக்கும், கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிய உதவித்தொகைக்கும் பங்குண்டு.

சமூகக் கட்சிக்கு இன்னும் பலமான சாட்சி ஆங்கிலேய இயற்கையியலாளர் வாலஸ். 1855இல் சரவாக்கில் இருந்தபடி உயிரினங்களின் தோற்றம் பற்றி எழுதியவர், 1858இல், உயிரினங்கள் இயற்கைத் தேர்வால் மாறுகின்றன என்ற டார்வினின் முடிவுக்கே தனியாக வந்து சேர்ந்தார். டார்வின் பிறக்காமலே போயிருந்தாலும் அந்தக் கொள்கை வந்திருக்கும். காலம் கனிந்துவிட்டால் கண்டுபிடிக்க இன்னொருவர் இருப்பார் என்பதே என் கணிப்பு.

ஆனால் ஆட்களைத் திரட்டும் வேலையில் இந்தக் கணக்கு எடுபடவில்லை. மலாயாவில் வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தலைமுறையாகப் பால் வெட்டியவர்கள் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தார்கள். மலாயா இந்தியர் காங்கிரஸ் கட்சியின் தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி, அதாவது நூறு மலாயா டாலர். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அந்தக் காலக் கூலிக்குப் பத்து வெள்ளி பெரிய காசு. அப்படியும் கட்டினார்கள். முதலில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள், அப்புறம் மேலும் பல.

பணம் முழுக்கத் தொழிலாளர்களுடையது, அதனால் வெற்றியும் சமூகத்துடையது என்பார்கள். மறுக்க மாட்டேன். ஆனால் அதே மக்கள், அதே கூலி, அதே துயரம் 1960க்கு முன்பும் இருந்தன. தோட்டத் தொழிலாளர்களின் தேசியச் சங்கம்கூட 1954 முதல் இருந்தது. கூலிக்காகப் போராடத் தெரிந்த அதே கூட்டத்திடம், ‘தோட்டத்தையே நாம் வாங்கிவிடலாம்’ என்று சொல்லி நம்பவைக்க அவர் தேவைப்பட்டார். அந்த இடத்தில் சம்பந்தனுக்கு ஒரு வாலஸை என்னால் காட்ட முடியவில்லை.