உலர்தட்டுத் திசைகாட்டியும் திரவத் திசைகாட்டியும்

இரும்புக் கப்பல்கள் பெருகியபோது, கப்பலின் காந்தத்தன்மையே திசைகாட்டி முள்ளைத் திருப்பிவிடும் சிக்கல் எழுந்தது. இதற்கு வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) 1876இல் காப்புரிமை பெற்ற உலர்தட்டுத் திசைகாட்டி (திசைகள் குறித்த தட்டு திரவமின்றிச் சுழலும் வகை) அழகான விடையாக அமைந்தது. பத்து அங்குல விட்டமுள்ள அதன் தட்டு, பட்டு நூல்களில் தொங்கிய எட்டுச் சிறு காந்த ஊசிகளோடு சேர்ந்தும் ஏறக்குறைய 12 கிராம் எடையே கொண்டிருந்தது. ஊசிகள் சிறியவை என்பதால்தான், பினாக்கிள் எனப்படும் தாங்கிப் பெட்டகத்தின் இருபுறமும் வைத்த இரும்புக் குண்டுகளும் உள்ளே அடுக்கிய காந்தங்களும் பிழையைச் செம்மையாகத் திருத்த முடிந்தது. என் கணிப்பில் தாம்சனின் உண்மையான சாதனை தட்டைவிட இந்தப் பெட்டகமே.

பிரிட்டிஷ் கடற்படை 1889இல் இந்த உலர்தட்டுத் திசைகாட்டியை ஏற்றது. ஆனால் பீரங்கி அதிர்விலும் விரைவுப் படகுகளின் குலுக்கலிலும் அந்த மெல்லிய தட்டு நிலைகொள்ளாமல் ஆடியது.

திரவத் திசைகாட்டியிலோ சாராயம் கலந்த நீரில் தட்டு மிதப்பதால், தட்டைத் தாங்கும் ஊசிமுனையின் மீதான பாரமும் உராய்வும் குறைகின்றன, அதிர்வும் அடங்குகிறது. கப்பல் திரும்பும்போது திரவமும் சுழன்று தட்டை இழுத்துச் செல்வது அதன் பெருங்குறை. கிண்ணத்தைவிட மிகச் சிறிய தட்டைப் பொருத்தி, 1906 அளவில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி செட்விண்ட் அதைப் பெரிதும் குறைத்தார். அமைதியான வணிகக் கப்பலுக்கு உலர்தட்டே போதுமானதாக இருந்தது. போர்க்கப்பலுக்குத் திரவ வகையையே நான் தயங்காமல் தேர்வேன். எதை வைத்தாலும், இருபுறமும் இரும்புக் குண்டுகள் தாங்கிய அந்தப் பெட்டகம் மட்டும் மாறவில்லை.