யாழ்ப்பாணத்துக்கு எது: இசைத்தட்டா, கசற்றா?

கோடை விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்களின் கதையில் இப்போது இசைத்தட்டு அடிக்கடி வருகிறது. கைப்பேசியில் எல்லாப் பாட்டும் இருக்க, அங்கே வளர்ந்த பிள்ளைகள் காசு கொடுத்துத் தட்டு வாங்குகிறார்கள். அதைக் கேட்டு ஊரிலும் சிலர் அறைமூலையில் கிடந்த பழைய பிளேயரைத் தூசு தட்டுகிறார்கள். வேறு சிலர் "அங்கேயிருந்து ஒன்று அனுப்பிவிடு" என்கிறார்கள். கசற்றைத்தான் கேட்பாரில்லை. அது அலுமாரிக்கு மேலே, பழைய கலண்டர்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

உலகக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு வருமானத்தில் இசைத்தட்டு சீடியை முந்தியது. 1986க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. 2022இல் எண்ணிக்கையிலும் முந்தி, 4 கோடிக்கு மேல் தட்டுகள் விற்றன. கசற்றும் திரும்பி வருகிறது என்கிறார்கள், ஆனால் அதன் விற்பனை சில இலட்சங்களைத் தாண்டுவதில்லை. ஆக, வெளியில் இது போட்டியே அல்ல. யாழ்ப்பாணத்தில் தராசு மற்றப் பக்கம் சாய வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் சத்தத்தைப் பார்ப்போம். இதில் கசற் தோற்கும், மறைக்க ஒன்றுமில்லை. கொலம்பியா நிறுவனம் 1948இல் கொண்டுவந்த 12 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ தரம் சுற்றி, ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 22 நிமிடம் பாடும். அது பாட்டுக் கேட்பதற்கென்றே செய்யப்பட்டது. பிலிப்ஸ் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வைத்த கசற், பேச்சைப் பதிந்து வைக்கக் கைக்கு அடக்கமான ஒன்று வேண்டும் என்று அந்த நிறுவனத்துப் பொறியியலாளர் லூ ஒட்டன்ஸ் குழுவினர் செய்தது. அதன் நாடா 3.81 மில்லிமீற்றர் அகலம், வேகம் செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர். ஒலிப்பதிவுக் கூடத்து ஸ்பூல் நாடா ஓடும் 38 சென்ரிமீற்றரில் எட்டில் ஒன்று. இவ்வளவு ஒடுங்கிய நாடா இவ்வளவு மெதுவாக ஓடினால் பின்னால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வரத்தான் செய்யும். தவில் முழுவீச்சில் அடிபடும் இடத்தில் மலிவான நாடா அந்த அடியை விழுங்கிவிடும்.

ஆனால் தட்டைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் உண்மையுமில்லை. தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்குக் கீழே பள்ளம் செக்கனுக்குச் சுமார் 50 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. நடுவை நெருங்கும்போது அது 20 அளவுக்கு இறங்கிவிடும். அதனால்தான் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு முதற்பாட்டளவுக்குத் தெளிவாக இராது. மங்களத்தைக் கடைசியில் வைக்கும் நம் கச்சேரி மரபுக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை, அதுவரை பொறுத்திருப்பவர் குறைவு. "முழுக்க அனலொக்" (இடையில் டிஜிற்றல் எதுவும் வராதது) என்று அதிக விலைக்கு விற்கப்படும் மறுபதிப்புகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் தட்டுகளில் பல இடையில் டிஜிற்றல் பிரதி வழியாக வந்தவை என்று 2022இல் வெளிப்பட்டது. கேட்ட ரசிகர்கள் யாரும் அதுவரை கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் அதில் சுவையான பகுதி.

சரி, சத்தத்தில் தட்டு வென்றது. இனிக் கருவிக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் சண்டை இங்கேதான் மாறுகிறது.

ரொறொன்ரோவிலிருந்து ஒரு நல்ல பழைய பிளேயர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கரண்ட் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ஒரு ட்ரான்ஸ்போமர் வாங்கினால் வோல்ற்றைக் குறைத்துவிடலாம், அதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் ட்ரான்ஸ்போமர் ஹேர்ட்ஸை, அதாவது கரண்ட் செக்கனுக்கு எத்தனை தரம் அலைகிறது என்பதை, மாற்றாது. பழைய பிளேயர்கள் பலவற்றில் இருக்கும் ஏசி மோட்டர் ஹேர்ட்ஸைப் பார்த்துத்தான் சுற்றும். ஆகவே 33⅓ சுற்ற வேண்டியது 28க்கும் குறைவாகச் சுற்றும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடிய பெண்குரல் மூன்று கட்டைக்கும் கீழே இறங்கி, ஆண்குரலோ என்று நினைக்க வைக்கும். இதற்கு மருந்து 50 ஹேர்ட்ஸுக்கென்று செய்த மோட்டர்க் கப்பி. அது சில மொடல்களுக்குக் கிடைக்கும், பலவற்றுக்குக் கிடைக்காது. லண்டனிலிருந்து வருவதில் இந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் 50 ஹேர்ட்ஸ்தான். அடப்ரரில் ஓடும் டிசி மோட்டர்ப் பிளேயர் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஹேர்ட்ஸ் பிரச்சினை இல்லை. கசற் பிளேயர்களில் பெரும்பாலானவை டிசி மோட்டர் என்பதால் அங்கே இந்தக் கதையே எழாது.

சூட்கேஸ் போல மடித்து வைக்கும் மலிவான புதுப் பிளேயரை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அவற்றின் ஊசி ஐந்தாறு கிராம் பாரத்தில் தட்டை அழுத்துகிறது. நல்ல காந்த ஊசிக்கு இரண்டு கிராம் போதும். பிள்ளைகளின் புதுத் தட்டுக்கு அது அவ்வளவு கேடில்லாமல் போகலாம். அப்பாவின் காலத்துத் தட்டை அதில் வைத்துத் தேய்ப்பது பாவம். நல்ல பிளேயர் என்றால் ஊசியிலிருந்து வரும் மிகச் சிறிய சைகையைப் பெருக்கி, தட்டு வெட்டும்போது குறைத்த பாஸை (தாழ்ந்த ஒலியை)த் திரும்ப ஏற்றும் ஃபோனோ பெருக்கியும் வேண்டும். பழைய அம்பிளிஃபையர்களில் அது உள்ளேயே இருந்தது. இப்போதையவற்றில் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். செலவு இப்படித்தான் வாலாக நீளும்.

கசற் பக்கம் இந்த நீளம் இல்லை, வேறு நோய்கள் உண்டு. முதலாவது ரப்பர் பெல்ற். இருபது முப்பது வருடம் சும்மா கிடந்த டெக்கை (அம்பிளிஃபையரோடு இணைத்துக் கேட்கும் கசற் கருவியை)த் திறந்தால் பெல்ற் உருகிக் கையில் ஒட்டும். அடுத்தது நாடாவை இழுக்கும் சின்ன ரப்பர் உருளை, அது இறுகி வழுக்கும். இரண்டையும் மாற்றலாம். பழைய றேடியோ திருத்திய கை ஒன்று இன்னும் உங்கள் பக்கத்தில் இருந்தால் ஒரு பின்னேர வேலை. புதிதாகக் கடைகளில் வரும் கசற் பிளேயர்களை வாங்கினால் இந்த நோய் இல்லையே என்று தோன்றும். ஆனால் அவற்றில் அநேகமாக எல்லாமே ஜப்பானின் தனஷின் நிறுவனம் ஒரு காலத்தில் செய்த மலிவான பொறிமுறையின் நகல்கள். வேகம் ஆடும், டொல்பி இரைச்சல் குறைப்பும் இராது. 1980களின் நல்ல டெக் ஒன்றைத் திருத்தி வைத்தால் அது இவற்றை விட எவ்வளவோ மேல்.

பராமரிப்பிலும் ஊருக்கென்று சில சங்கதிகள் உண்டு. தட்டைக் கழுவச் சொல்லும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடாதீர்கள். நம்முடைய தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளை தட்டின் பள்ளத்திலும் படியும், பிறகு ஊசி அதைத்தான் வாசிக்கும். வடித்த நீர் வேண்டும், வாகனப் பற்றரிக்கு விற்கிறார்களே, அது காணும். 78 சுற்றுத் தட்டு என்றால் ஸ்பிரிற் கிட்டவே போகக் கூடாது. அது அரக்கில் செய்தது, அற்ககோல் பட்டால் கரையும். தட்டை நிமிர்த்தி வைக்க வேண்டும், வெயில் படும் சுவரோரம் வைத்தால் நெளிந்துவிடும்.

கசற்றுக்கு எதிரி ஈரப்பதம். மாரி முழுவதும் மூடிக் கிடந்த கசற்றின் கண்ணாடி வழியே பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா? அது பூஞ்சணம். அதை நல்ல டெக்கில் போட்டால் நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்த கசற்றுக்கும் பரவும். பூஞ்சணம் இல்லாத கசற்றையும் போட்ட உடனே பாடவிடாமல் முதலில் முழுதாக முன்னும் பின்னும் ஒரு தரம் ஓட்டி எடுப்பது நல்லது, நாடாக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் விலகும். உள்ளே இருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் ஐந்து திருகாணிகளைக் கழற்றி, சுருள்களை அப்படியே இன்னொரு கூட்டுக்குள் வைத்துவிடலாம். திருகாணி இல்லாமல் ஒட்டி மூடியவைதான் சங்கடம்.

இவ்வளவும் கருவிக் கதை. நான் கசற்றின் பக்கம் நிற்பதற்குக் காரணம் கருவி அல்ல, அதற்குள் இருப்பது.

யாழ்ப்பாணத்து வீட்டில் கிடக்கும் ஓர் இசைத்தட்டில் என்ன இருக்கும்? எச்.எம்.வி.யோ எக்கோவோ வெளியிட்ட சினிமாப் பாட்டு, கர்நாடகக் கச்சேரி, பக்திப் பாடல். நம்முடையது என்று சொன்னால் ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் போன்றோரின் பொப் பாடல்கள் 45 சுற்றுத் தட்டுகளில் வந்தன. எல்லாம் அருமையானவைதான். ஆனால் தட்டு என்பது ஆலையில் அச்சடித்தது. உங்கள் வீட்டுத் தட்டு உடைந்தால் அதே தட்டு சென்னையிலோ கொழும்பிலோ இன்னொருவர் வீட்டில் இருக்கும். பெரும்பாலும் பாட்டு இணையத்திலும் இருக்கும்.

கசற்றோ வீட்டில் பதிந்தது. ஒரே ஒரு பிரதி. கோயில் திருவிழாவில் விடிய விடிய நடந்த நாதஸ்வரத் தவில் சமாவை மேடையடியில் றெக்கோடரை வைத்துப் பதிந்தவர்கள் இருந்தார்கள். தவில் மேதை தட்சணாமூர்த்தி 1975இல் காலமானார். அவருடைய வாசிப்பை நேரில் கேட்காத தலைமுறைக்கு அவர் வெறும் பெயராகிவிடாமல் இருப்பது வானொலியும் தனியாட்களும் நாடாவில் பிடித்து வைத்தவற்றால்தான். வில்லுப்பாட்டு, கூத்து, பட்டிமன்றம், கல்யாண வீட்டுப் பேச்சு, பிள்ளையின் முதல் தேவாரம் என்று எல்லாமே கசற்றில் ஏறின. வெளிநாட்டுக்குப் போன மகனுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பிய தாய்மார் எத்தனை பேர். அந்தக் கசற்றில் பின்னால் கேட்கும் சேவல் கூவலும் கிணற்றுக் கப்பிச் சத்தமும் எந்த இசைத்தட்டு ஆலையிலும் கிடையாது.

பிறகு றெக்கோடிங் பார்கள், அதாவது பாட்டுப் பதிந்து தரும் கடைகள். பாட்டுகளின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் சி-60இலோ சி-90இலோ (60, 90 நிமிடக் கசற்றுகள்) நிரப்பித் தருவார்கள். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்பதை வாங்குகிறவரே தீர்மானித்த காலம் அது. 1990இல் போர் மறுபடி தொடங்கிக் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். அப்போதும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவும் கசற்றும் கேட்டார்கள். சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் பாடகரின் குரலும் இழுபடும். 1995 ஒக்ரோபரில் இடம்பெயர்ந்து போனபோது பையின் மூலையில் நாலு கசற்றைச் செருகலாம். ஒரு பெட்டி இசைத்தட்டை யார் சைக்கிள் கரியரில் கட்டுவார்?

ஆகவே இரண்டையும் ஒரே கேள்வியால் அளப்பது பிழை. தட்டு ஆறுதலாக இருந்து இசை கேட்பதற்கு. கசற் இங்கே ஆவணம், அதுவும் அழிந்துகொண்டிருக்கும் ஆவணம். தட்டுப் பிளேயரை அடுத்த வருடம் வாங்கலாம். கசற்றுகளுக்கு இன்னும் இரண்டு மாரி காத்திருப்பதே ஆபத்து.

அதனால் நல்ல டெக் ஒன்று கையில் வந்ததும் முதல் வேலை பிரதி எடுப்பது. யூஎஸ்பி வாலோடு மலிவாக விற்கும் மாற்றிகள் வேண்டாம், அவையும் மேலே சொன்ன அதே பொறிமுறைதான். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கணினிக்கு ஒரு சுமாரான ஓடியோ இன்ரஃபேஸ் வழியாகக் கொடுத்தால் போதும். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பினால் மங்கலாக இருந்த சத்தம் ஓரிடத்தில் சட்டென்று துலங்கும். ஒவ்வொரு கசற்றும் ஒவ்வொரு றெக்கோடரில் பதிந்தது என்பதால் ஒவ்வொன்றுக்கும் இதைப் பார்க்க வேண்டும். ஒலி ஆவணக் காப்பகங்கள் 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில் எடுக்கச் சொல்கின்றன. 90 நிமிடக் கசற் ஒன்றுக்கு 3 ஜிபி அளவு பிடிக்கும். முதலில் எம்பி3யாக எடுத்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள். ஊருக்குப் பொதுவாகப் பயன்படக்கூடியது என்றால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தோடு கதைத்துப் பார்க்கலாம்.

புதிதாகப் பாட்டு வெளியிட நினைக்கும் இளம் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. தட்டு அடிக்க ஆலைக்கு நூற்றுக்கணக்கில் சொல்ல வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கசற் என்றால் இருபதோ முப்பதோ வீட்டிலேயே பதியலாம். வாங்குகிறவர்களில் பாதிப்பேரிடம் போட்டுக் கேட்கக் கருவி இராது என்பதையும் தெரிந்துகொண்டே செய்யுங்கள். உள்ளே தரவிறக்கும் குறியீடு ஒன்றை வைத்துவிட்டால் கோபிக்க மாட்டார்கள்.

சீடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றால், சத்தத்தில் இரண்டையும் விடச் சுத்தம், விலையும் மலிவு, ஆனால் யாருக்கும் அதில் ஆசை இல்லை. ஆசை இல்லாத பொருளுக்கு ஒப்பீடு எழுதி என்ன பயன்.

காசு ஒரு கருவிக்குத்தான் காணும் என்றால் பழைய கசற் டெக்கை வாங்குங்கள். வாங்கப் போகும்போது நாதஸ்வரம் பதிந்த, உங்களுக்குப் பழக்கமான கசற் ஒன்றைக் கொண்டுபோங்கள். நீண்டு நிற்கும் ஒரு சுரம் ஆடாமல் நின்றால் கேட்ட விலையைக் கொடுக்கலாம். ஆடினால் பெல்ற்றும் உருளையும் மாற்றும் செலவைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.