பெரியவனுக்கு சுன்னத் செய்த திருவல்லிக்கேணி கிளினிக் பற்றி

எனக்கு இரண்டு பையன்கள். போன மே மாதம் பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு எட்டு மாதம். அவர்கள் அத்தா (அப்பா) ஷார்ஜாவில் இருக்கிறார். முழுப்பரீட்சை லீவில் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் சுன்னத் (ஆண்குறியின் முன்தோலை எடுப்பது) முடித்துவிடலாம் என்பதுதான் வீட்டில் பேச்சு. கடைசியில் பெரியவனுக்கு மட்டும், அதுவும் காலாண்டு லீவில்தான் நடந்தது. பிள்ளைகளின் அந்தரங்கம் என்பதால் கிளினிக் பெயரை எழுதவில்லை. எங்கே போனாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் போனது வேறு ஒரு இடம். "லேசர் சுன்னத், பத்து நிமிடம், வலி இல்லை" என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். உட்காருவதற்குள் ஒரு பேப்பரை நீட்டி, பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, "இங்க அத்தா கையெழுத்து வேணும், வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க" என்றார்கள். நான் பாரிமுனையில் ஒரு வக்கீல் ஆபீஸில் பதினொரு வருடமாக டைப் செய்கிறேன். எந்தப் பேப்பரை நீட்டினாலும் படிக்காமல் விடமாட்டேன். முழுக்க ஆங்கிலம். என்ன ஆபரேஷன் என்று எழுத வேண்டிய இடம் காலி. பெரியவனைப் பற்றி அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, எத்தனை கிலோ என்பது. பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆபீஸில் ஒரு அக்கா சொல்லித்தான் இந்தக் கிளினிக்குக்குப் போனேன். குழந்தைகளுக்கான அறுவை மருத்துவர், வயதானவர். இரண்டு பையன்களையும் தனித்தனியாகப் பார்த்தார். மூத்திரத் துவாரம் நுனியில்தான் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். சில குழந்தைகளுக்கு அது கீழே தள்ளி இருக்குமாம். அதைச் சரிசெய்ய அந்த முன்தோலே தேவைப்படலாம் என்பதால், அவர்களுக்கு சுன்னத் செய்துவிடக் கூடாது. அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்க கூடப் பிறந்த தம்பி, உங்க அம்மாவோட அண்ணன் தம்பி யாருக்காவது பல் பிடுங்கினா ரத்தம் நிக்காம போனதுண்டா?" என்று கேட்டார். ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய் பெரும்பாலும் தாய்வழியாகத்தான் ஆண் பிள்ளைக்கு வருகிறது. அத்தா கையெழுத்து போதும் என்று என்னைத் தாண்டிப் பேசிய இடத்தில் இந்தக் கேள்வி எழுந்தே இருக்காது என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

சின்னவனுக்கு முன்தோல் பின்னால் வருவதே இல்லை, அதனால் நோயோ என்று மாமிக்கு (என் மாமியாருக்கு) கவலை. அந்த வயதில் ஒட்டித்தான் இருக்கும், அது இயற்கை, இழுத்துப் பார்க்கவே கூடாது என்றார் டாக்டர். "மருத்துவக் காரணம் ரெண்டு பேருக்கும் இல்லம்மா. மார்க்கத்துக்காகச் செய்றீங்க. அதுல நான் குறுக்க வரல. ஆனா அவசரம் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க" என்றார்.

பிறகு பெரியவனைப் பக்கத்தில் நிற்க வைத்து, அவன் போட்டிருந்த முழுக்கைச் சட்டையின் கையை இழுத்து முஷ்டியை மூடினார். "இது தோல். இவ்வளவுதான் எடுப்பாங்க" என்று மணிக்கட்டு வரை மடித்துக் காட்டினார். ஊசி போட்டுத் தூங்க வைப்பது, எழுந்த பிறகு எத்தனை நாள் எரியும் என்பது வரை அவனிடமே சொன்னார். அவன், "நான் வேணாம்னு சொன்னா?" என்றான். "அப்ப அடுத்த லீவுல மறுபடி கேக்குறேன்." அவன் வேண்டாம் என்றான். அவர் ஃபைலை மூடி வைத்துவிட்டார். ஆபரேஷன் இல்லை, வரும்படி இல்லை, அறுநூறு ரூபாய் பீஸோடு எங்களை அனுப்பிவிட்டார்.

வீட்டில் மாமி ஒப்பவில்லை. ராமநாதபுரம் பக்கத்து ஊரில் மகனைக் குதிரையில் ஏற்றி மாலை போட்டு மார்க்கக் கல்யாணம் என்னும் சுன்னத் விழா நடத்தியவர். நாவிதர் வந்து செய்ததையும், புண்ணில் படாமல் வேட்டியைக் கயிற்றில் கட்டித் தூக்கி வைத்ததையும் இன்றும் பெருமையாகச் சொல்வார். "அவன்கிட்ட யாரு கேட்டா?" என்றார். என் கேள்வியும் அதுதான் மாமி என்றேன். அவனிடம் சைக்கிள் ஆசை காட்டினார். டாக்டரிடம் போனில் சொன்னேன். "சைக்கிளை இப்பவே வாங்கிக் குடுங்க, இதோட சேக்காதீங்க" என்றார். ஜூலையில் வாங்கிக் கொடுத்தோம்.

இடையில் நிறையப் படித்தேன். 2012-ல் ஜெர்மனியில் கொலோன் நீதிமன்றம், நாலு வயது முஸ்லிம் பையன் வழக்கில், பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது என்றது. அந்த டிசம்பரிலேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டு சுன்னத்தை அனுமதித்தது. நெதர்லாந்து மருத்துவச் சங்கம் 2010-ல் வேண்டாம் என்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2012-ல் நன்மை கூடுதல், ஆனாலும் எல்லாருக்கும் செய்யச் சொல்லும் அளவுக்கு இல்லை, பெற்றோர் முடிவு என்றார்கள். எச்.ஐ.வி. வருவது ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்தது என்று ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வுகளை எல்லாரும் காட்டுகிறார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் வளர்ந்த ஆண்கள், தாங்களே ஒப்புக்கொண்டு வந்தவர்கள். எட்டு மாதக் குழந்தையின் பேப்பரில் கையெழுத்துப் போட அதை எப்படிக் காரணமாகச் சொல்வேன்?

நான் மார்க்கத்தை விட்டுப் பேசவில்லை. நாங்கள் ஹனஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு), எங்களுக்கு இது சுன்னத், அதாவது நபிவழி, கட்டாயக் கடமை அல்ல. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். பருவம் அடைவதற்குள் செய்தால் போதும், குழந்தையிலேயே செய்தாக வேண்டும் என்பதில்லை என்றார். அதுவே எனக்குப் போதும்.

செப்டம்பர் கடைசியில் பெரியவன் தானாகவே "போலாம்மா" என்றான். ஏழு வயதுகூட ஆகாதவன் சொல்கிற சரி முழுச் சரியா என்று எனக்கு இன்னும் உறுத்தல் உண்டு. ஆனால் அவனிடம் கேட்டோம், அவன் வேண்டாம் என்றபோது நிறுத்தினோம். சம்மதப் படிவம் தமிழில் மூன்று பக்கம். அம்மா, அத்தா இருவருக்கும் கையெழுத்து இடம். "குழந்தை கேட்ட கேள்வி" என்று ஒரு வரி இருந்தது. அதில் "பாத்ரூம் போனா எரியுமா" என்று டாக்டர் அவன் சொன்னபடியே எழுதினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தானே கரையும் தையல். மூன்றாம் நாள் நுனியில் மஞ்சளாகப் படிந்ததைப் பார்த்துச் சீழ் என்று பயந்து போட்டோ அனுப்பினேன். ஆறும்போது அப்படித்தான் இருக்கும், சுரண்டாதீர்கள் என்று பத்து நிமிடத்தில் பதில் வந்தது. இரண்டு வாரத்தில் சைக்கிள் ஓட்டினான்.

குறை உண்டு. லிப்ட் இல்லை, ஆபரேஷன் முடிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்க வேண்டும். 26,000 என்று சொல்லிவிட்டு 31,500-க்கு பில் போட்டார்கள். மயக்க மருந்து டாக்டர் பீஸ் தனி என்று முன்பே சொல்லவில்லை. இவ்வளவு விளக்குகிறவர்கள் இதை மறைத்திருக்கக் கூடாது. கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டார்கள், ஆனால் குறைக்கவில்லை.

சின்னவனுக்குச் செய்யவில்லை. இப்போதே என்றால் மரத்துப்போக ஊசி போட்டாலே போதுமானதாக இருக்கலாம், வளர்ந்த பிறகு என்றால் முழு மயக்கம் வேண்டியிருக்கும் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். தெரிந்துதான் தள்ளி வைத்திருக்கிறேன். மாமிக்குக் கோபம்தான்.

போகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கே டோக்கன் வாங்கிவிடுங்கள், வெள்ளிக்கிழமை கிடையாது. பிள்ளையின் அம்மாவும் கட்டாயம் போக வேண்டும். போவதற்கு முன் உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு, மாமாக்களைப் பற்றிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.