கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட்: கிச்சுகிச்சுப் படம் வரைகிறவனின் மதிப்புரை

இந்த மென்பொருளைப் பற்றி யூடியூபில் மதிப்புரைகள் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாமே மங்கா என்னும் ஜப்பானியக் காமிக்ஸ் வரைபவர்களுக்கும் வெப்காமிக் போடுபவர்களுக்கும். நான் வரைவது வேறு. ஒருவர் இன்னொருவருக்குக் கிச்சுகிச்சு மூட்டுவது, அவர் துள்ளித் திமிறுவது, சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் உடைந்து சிரிப்பது, இவ்வளவுதான் என் உலகம். இதைப் பார்த்துக் கிளர்ச்சி அடைகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஃபெட்டிஷ் என்ற கணக்கில் சேர்த்துவிடுவார்கள், சேர்க்கட்டும். நானும் அந்த ஆள்தான். பகலில் சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு லேபிளும் காலண்டரும் டிசைன் செய்கிறேன். இரவில், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வரையச் சொல்லும் கமிஷன் படங்கள். இரண்டாவது வேலைக்குத்தான் இந்த மென்பொருளை வாங்கினேன், அந்தக் கோணத்திலிருந்தே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கணினியில் படம் வரையும் மென்பொருள், தோக்கியோவின் செல்சிஸ் நிறுவனம் செய்வது. மேற்கு நாடுகளில் முன்பு மங்கா ஸ்டூடியோ என்ற பெயரில் விற்றது, 2012ல் கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட் வந்தது. இடைமுகம் தமிழில் இல்லை. ஜப்பானியம், ஆங்கிலம், தாய், இந்தோனேசியன் என்று பல மொழிகள் உண்டு. ஆங்கிலத்தில் பழகிக்கொள்ளலாம், பெரிய கஷ்டமில்லை.

முதலில் கோடு. என் படங்களில் துணி போட்டிருப்பார்கள், உறுப்பு எதுவும் காட்டுவதில்லை. அப்படியிருக்க, படத்தின் சூடு முழுக்கக் கோட்டில்தான் இருக்க வேண்டும். விலா ஓரத்தில் விரல் பட்டதும் இடுப்பு எதிர்ப்பக்கம் வெட்டிப் போகும் அந்த வளைவு கொஞ்சம் தொய்ந்தாலும் ஆள் தூங்குகிற மாதிரி ஆகிவிடும். இங்கேதான் வெக்டர் லேயர் என்ற அடுக்கு கைகொடுக்கிறது. கோட்டை வரைந்து முடித்த பிறகும் பிடித்து இழுக்கலாம், தடிமனை மட்டும் கூட்டலாம், குறைக்கலாம். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிய கோடுகளில், வெட்டும் புள்ளி வரைக்கும் மட்டும் அழிக்கிற வசதியும் உண்டு. பத்து விரல்கள் ஓர் உடம்பின் மேல் ஊர்கிற படத்தில் கோடுகள் எத்தனை இடத்தில் குறுக்கே போகும் என்று நினைத்துப் பாருங்கள். விரலை முழுதாக வரைந்து, உள்ளே போன பகுதியை ஒரு தட்டில் எடுத்துவிடலாம். ஜி-பென் பிரஷ்ஷின் அழுத்த உணர்வும் நல்லது. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை மட்டும் அதிகம் வைக்காதீர்கள். கோடு வழுவழுவென்று வரும், ஆனால் துடிப்பு போய்விடும். சிரிக்கிற உடம்புக்கு அந்தக் கொஞ்சம் நடுக்கம் வேண்டும்.

அப்புறம் அந்த 3டி பொம்மைகள். ஆண், பெண் உருவங்கள், உயரம் தடிமன் எல்லாம் மாற்றலாம், மூட்டைப் பிடித்து இழுத்தால் உடம்பு கூடவே வரும். இரண்டு பேர் பின்னிக்கொண்டிருக்கும் படத்துக்கு இது பெரிய வசதி. ஒருவர் பின்னாலிருந்து அணைத்து அக்குளில் கைவிடுகிறார் என்றால், யாருடைய முழங்கை எதன் பின்னால் மறைகிறது என்று காகிதத்தில் யோசித்தே மண்டை காயும். பொம்மையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். 2023ல் வந்த இரண்டாம் பதிப்பில் இன்னொன்று சேர்த்தார்கள்: கேமராவுக்கு முன்னால் உங்கள் கையைக் காட்டினால், அதே நிலையைப் பொம்மையின் கை எடுத்துக்கொள்ளும். கிச்சுகிச்சு மூட்டுகிற கையை வரைய இது பிரமாதம். நகத்தால் சுரண்டுவது வேறு, விரல் நுனியால் ஓட்டுவது வேறு, கட்டைவிரலை அழுத்துவது வேறு. வாடிக்கையாளர்கள் இதையெல்லாம் தனித்தனியாகக் கேட்பார்கள்.

பொம்மையைப் பார்த்து அப்படியே மேலே கோடு போட்டால் படம் செத்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு மூச்சு கிடையாது. நிஜத்தில் ஒருவர் விழுந்து விழுந்து சிரிக்கும்போது வயிறு உள்ளே இறுகும், தோள் காதுவரை ஏறும். கையைத் தூக்கினால் மார்புத் தசையின் ஓரமும் முதுகுத் தசையின் ஓரமும் இரண்டு கரைகளாக நிற்க, நடுவில் அக்குள் குழியும். பொம்மையில் அந்த இடம் சும்மா மழுங்கிக் கிடக்கும். எலும்பு வரைக்கும் அது சொல்லட்டும், தசை நம் பொறுப்பு.

இப்போது கால். எங்கள் துறையில் பாதிப் படங்கள் பாதத்தைச் சுற்றித்தான், அதனால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கைவிரல்களுக்கு இந்த மென்பொருளில் அத்தனை ஏற்பாடு: தயார் நிலைகள், கேமரா, ஒவ்வொரு விரலாக மடக்கும் கட்டுப்பாடு. கால்விரல்களுக்கு அதில் ஒன்றுமில்லை. செருப்புக்குள் இருப்பதுதானே என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. கூச்சம் தாங்காமல் விரல்களை விரித்தால் பாதத்தின் மேல்புறம் நரம்பு நரம்பாகத் தசைநாண்கள் எழும்பும், உள்ளங்கால் தோல் இறுகி வழுவழுப்பாகும். சுருட்டினால் நேர் எதிர்: உள்ளங்காலில் குறுக்கே சுருக்கம் விழும், முன்பாதம் திரண்டு நிற்கும். கட்டைவிரல் ஒரு பக்கம் நிமிர, மற்ற நாலும் மடங்குகிற நிலையும் உண்டு, அதுதான் வரைய மிக அழகானது. இது எதையும் பொம்மை செய்யாது. நான் என் மனைவியின் காலைத்தான் பார்த்து வரைகிறேன். "என்னங்க, இன்னும் எவ்ளோ நேரம் இப்படியே வெச்சுக்கணும்?" என்று கேட்பாள். போட்டோ எடுத்துக்கொள்ளலாமே என்றால், நிறுத்தி எடுத்த போட்டோவில் கால் போஸ் கொடுக்கும், கூசாது.

முகத்துக்கும் இதே கதை. மென்பொருள் எதுவாக இருந்தாலும் கிச்சுகிச்சுப் படம் நிற்பதும் விழுவதும் முகத்தில்தான். 1862ல் துஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளில் மின்சாரம் செலுத்திப் பார்த்து எழுதினார்: வாயோரத்தை இழுக்கும் தசையை வேண்டுமென்றே அசைக்கலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசை உண்மையான மகிழ்ச்சி வந்தால்தான் சுருங்கும் என்று. சாதாரணச் சிரிப்பை வரைய அது போதும். கிச்சுகிச்சுச் சிரிப்புக்குப் போதாது. கிறிஸ்டின் ஹாரிஸும் நான்சி அல்வராடோவும் 2005ல் வெளியிட்ட ஆய்வில், நகைச்சுவைக்குச் சிரிப்பவர்கள், கிச்சுகிச்சுக்குச் சிரிப்பவர்கள், வலியில் இருப்பவர்கள் என மூவரின் முகங்களையும் ஒப்பிட்டார்கள். கிச்சுகிச்சு முகத்தில் மலர்ந்த சிரிப்பும் இருந்தது, வலியில் தோன்றும் சுளிப்புகளும் கலந்திருந்தன. வரைகிற எங்களுக்கு இது நெடுநாளாகக் கைக்குத் தெரிந்த விஷயம். புருவம் நடுவில் ஏறும், மூக்கு சுருங்கும், வாய் மட்டும் விரிந்து சிரிக்கும். சுளிப்பு ஒரு கோடு கூடினால் சித்திரவதைப் படம், ஒரு கோடு குறைந்தால் பற்பசை விளம்பரம்.

அந்த ஒரு கோட்டில்தான் சம்மதமும் இருக்கிறது. என் படத்தில் மாட்டிக்கொண்டவர் "போதும், போதும்" என்று கத்தலாம், ஆனால் இந்த விளையாட்டுக்கு அவர் மனம் ஒப்பித்தான் வந்திருக்கிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். உடம்பு மூட்டுகிற ஆளை விட்டு விலகி ஓடும், கண் மட்டும் அவரையே தேடும். அப்படி வரைந்தால் போதும். இதற்குக் கண்ணாடியைப் பார்த்து வரையலாம் என்று நினைப்பவர்களுக்கு: முடியாது. தனக்குத்தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் கூச்சம் வராது. சிறுமூளை நம் கையின் அசைவை முன்கூட்டியே கணித்து அந்த உணர்வை மட்டுப்படுத்திவிடுகிறது என்று 1998ல் லண்டனில் சாரா ஜெய்ன் பிளேக்மோர் குழுவினர் காட்டினார்கள். மற்ற ஓவியர்கள் தங்கள் முகத்தையே மாடலாக வைத்துப் பிழைக்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பிழைப்பும் இல்லை.

அசைவு. இந்த மென்பொருளை புரோ, இஎக்ஸ் என்று இரண்டு வகையாக விற்கிறார்கள், இஎக்ஸ் விலை கூடியது. புரோ பதிப்பில் 24 பிரேம், அதாவது 24 தனிப் படங்கள், வரைக்கும்தான் அனிமேஷன் செய்யலாம், இஎக்ஸ் பதிப்பில் வரம்பில்லை. 24 போதுமா என்றால், என் வேலைக்குத் தாராளம். நொடிக்கு 8 பிரேம் என்று வைத்தால் 3 நொடி வரும். விரல்கள் ஓட, பாதம் ஒருமுறை மடங்கி விரிய, தோள் குலுங்க, மறுபடி முதல் பிரேமுக்கு வந்து சேர அவ்வளவு போதும். முன் பிரேமை நிழலாகக் காட்டும் வசதி இருப்பதால் குலுங்கலை அளவாக வைக்க முடிகிறது. ஜிஃப் ஆக எடுத்து அனுப்பினால் வாடிக்கையாளர் நின்ற படத்தைவிட இதற்கு அதிகம் தருகிறார். இரண்டு 3டி பொம்மைகளையும் இத்தனை லேயர்களையும் ஒரே ஃபைலில் வைத்தால் என் பழைய மடிக்கணினியின் விசிறி அம்மி அரைப்பதுபோல் சத்தம் போடும். பொம்மையை வைத்து வரைந்ததும் அந்த லேயரை எடுத்துவிடுவது நல்லது.

செல்சிஸ் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. 2022 இறுதியில் படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு வசதி ஒன்றைச் சேர்க்கப் போவதாக அறிவித்தார்கள். பயனர்கள் கொதித்தெழ, சில நாளில் கைவிட்டார்கள். எங்களைப் போன்ற சின்னச் சந்தைக்கு இது பெரிய விஷயம். தனக்கென்று ஒரு ஆள் உட்கார்ந்து வரைந்தான் என்பதற்குத்தான் வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார். அதே ஆண்டு இன்னொன்றும் செய்தார்கள், அதில் மரியாதை கொஞ்சம் குறைகிறது. அதுவரை ஒருமுறை வாங்கினால் புதுப்புது வசதிகள் இலவசமாக வந்துகொண்டிருந்தன. இரண்டாம் பதிப்பிலிருந்து, அடுத்த பெரிய பதிப்பின் வசதிகள் வேண்டுமானால் தனியாகக் கட்ட வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

வரைந்ததை விற்பது மென்பொருளின் கையில் இல்லை, ஆனாலும் வாங்குவதற்கு முன் யோசியுங்கள். படைப்பாளிகள் தங்கள் டிஜிட்டல் படைப்புகளை விற்கும் கம்ரோட் தளம் 2024ல் பாலியல் சார்ந்த படைப்புகளுக்குக் கதவடைத்தது. கேம்களும் காமிக்ஸும் விற்கும் இட்ச் தளம் 2025 ஜூலையில் பணப் பரிமாற்ற நிறுவனங்களின் நெருக்கடியால் வயதுவந்தோர் படைப்புகளைத் தேடலிலிருந்தே எடுத்தது. என் படத்தில் துணி விலகாது, ஆனாலும் இந்த வலையில் சிக்கும். அதனால் மூல ஃபைல்களை என் வன்தட்டில்தான் வைக்கிறேன். இந்த மென்பொருளில் மேகச் சேமிப்பு இருக்கிறது, ஆனால் அது கட்டாயமில்லை என்பது எனக்குப் பிடித்த அம்சம். கமிஷனில் வரும் பாத்திரம் வயதுவந்தவர் என்று தெளிவாக இல்லாவிட்டால், பள்ளிச் சீருடை மாதிரி எதாவது வந்தால், எவ்வளவு தந்தாலும் மறுத்துவிடுகிறேன். அதில் பேரம் கிடையாது.

சரி, எதை வாங்குவது? தனிப் படங்களும் சின்ன ஜிஃப்களும் மட்டும் என்றால், கணினியில் புரோ பதிப்பை ஒருமுறை காசு கட்டி வாங்குங்கள். ஆண்டில் பலமுறை தள்ளுபடி வரும், அதுவரை இலவசச் சோதனையில் ஓட்டலாம். பல பக்கக் கதையாக வரையப் போகிறீர்கள் என்றால் பக்கங்களை ஒன்றாகக் கோக்கும் வசதி இஎக்ஸில்தான் இருக்கிறது. ஐபேடிலும் போனிலும் சந்தா மட்டும்தான், என் கணக்குக்கு அது கட்டுப்படியாகவில்லை. பிரஷ், பொம்மை எல்லாம் கிடைக்கும் செல்சிஸின் அசெட்ஸ் கடையில் இறகு வரையும் பிரஷ் இலவசமாகவே கிடைக்கும், அதற்குத் தனியாகக் காசு கொடுத்துவிடாதீர்கள்.