முடோன் சாலை நாற்றுப்பண்ணை: ஆம்ஹெர்ஸ்டியா வாங்கப் போகிறவர்களுக்கு

பர்மாவில், மோல்மேனிலிருந்து முடோன் போகும் சாலையில், ரப்பர் தோட்டங்கள் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது இந்த நாற்றுப்பண்ணை. பெயர்ப்பலகை கிடையாது. பச்சை நிழல்வலையும் வாசலில் கவிழ்த்து வைத்த மண்தொட்டிகளும்தான் அடையாளம். மரக்கன்று வாங்க நினைக்கும் நம் ஆட்கள் ஒருமுறையாவது இங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பேன். விலை குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. விற்கிற செடி இன்னதென்று தெரிந்து விற்கிறார்கள். அதுதான் எங்கும் கிடைக்காமல் இருக்கிறது.

எங்கள் மாரியம்மன் கோயில் நந்தவனத்துக்கு சிவப்புப் பூங்கொத்து தொங்கும் ஆம்ஹெர்ஸ்டியா மரம் ஒன்று வைக்க வேண்டும் என்பது கமிட்டியின் நெடுநாள் ஆசை. டவுனில் ஒரு கடைக்காரர் அதே மரம்தான் என்று சொல்லி ஒரு கன்று கொடுத்தார். தண்ணீர் ஊற்றி வளர்த்து, பூத்த பிறகு பார்த்தால் சராகா, அசோக மரத்துக்கு நெருங்கிய ஆரஞ்சுப் பூ மரம். நல்ல மரம்தான், ஆனால் கேட்டது அதுவல்லவே! அதற்கும் முன்னால் ஒரு அன்பர் அசோக மரம் என்று காணிக்கையாகக் கொடுத்தது நெட்டிலிங்கம். ஆம்ஹெர்ஸ்டியாவும் சராகாவும் சேர்ந்த அவரைக் குடும்பமே அது கிடையாது, சீத்தாப்பழ மரத்துக்குச் சொந்தம். பூக்கவே பல வருஷம் எடுக்கும் மரத்தில் இப்படி நடந்தால் போன காலத்தை யார் திருப்பித் தருவார்கள்?

இந்தப் பண்ணையை நடத்துவது ஒரு தமிழ்த் தம்பதி. அண்ணன் விற்பனையைப் பார்க்கிறார், பதியன் போடுவதெல்லாம் அக்கா. "வாங்க சயாமா, எந்த மரம் வேணும்னு சொல்றதுக்கு முன்னாடி இலையைப் பாத்துருங்க" என்றுதான் அண்ணன் ஆரம்பித்தார் (சயாமா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியை). மூன்று கன்றுகளையும் வரிசையாக வைத்துக் காட்டினார். நெட்டிலிங்கத்துக்குத் தனி இலை, விளிம்பு அலை அலையாக நெளிந்திருக்கும். மற்ற இரண்டுக்கும் கூட்டிலை. ஒரு காம்பின் இருபக்கமும் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக. இதோடு நெட்டிலிங்கம் கழிந்துவிடும். சராகாவையும் ஆம்ஹெர்ஸ்டியாவையும் இலையை வைத்துப் பிரிப்பது கஷ்டம், இரண்டிலும் கொழுந்து வாடியதுபோலத் தொங்கும். ஆம்ஹெர்ஸ்டியா சிற்றிலையின் நுனி வால்போல நீண்டிருக்கும், அடிப்புறம் வெளிறியிருக்கும். அந்த வெளிறலைத்தான் அண்ணன் இலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

பிறகு தாய்மரத்தடிக்குக் கூட்டிப்போனார். நான் போனது மாசி மாதம், மரம் நிறையப் பூ. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சந்தேகமில்லாமல் இனம் காண்பதற்குப் பூதான் வழி. பூங்கொத்து ஒரு முழத்துக்கு மேல் நீண்டு தலைகீழாகத் தொங்குகிறது. நடுத்தண்டிலிருந்து நீண்ட சிவப்புக் காம்புகள் பக்கவாட்டில் விரிய, ஒவ்வொரு காம்பின் முனையிலும் ஒரு பூ. பூவுக்குக் கீழே இரண்டு பெரிய சிவந்த பூவடிச் செதில்கள் இறக்கைபோல நிற்கின்றன. தூரத்திலிருந்து இதழென்று தோன்றுவதில் பாதி இவைதான். அதற்குள்ளே நான்கு புல்லிகள், அதாவது இதழ்களுக்கு வெளியே இருக்கும் மடல்கள், அவையும் சிவப்பு. உண்மையான இதழ்களில் மேலே இருப்பது விசிறிபோல அகலமானது, நுனியில் மஞ்சள் திட்டு. இருபக்கமும் ஆப்பு வடிவில் ஒவ்வோர் இதழ், அவற்றின் நுனியும் மஞ்சள். அண்ணன் ஒரு பூவை என் உள்ளங்கையில் வைத்து, "மீதி ரெண்டு இதழ் எங்கன்னு தேடுங்க" என்றார். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். அடியில், கொக்கிபோலச் சுருங்கி, நகக்கண் அளவுகூட இல்லாமல் இரண்டு இருந்தன. மகரந்தத்தாள் பத்து, ஒன்பது அடியில் ஒட்டிக் குழலாக இருக்க, ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது.

சராகாவில் இதழே கிடையாது. நாம் ஆரஞ்சு இதழ் என்று பார்ப்பது நான்கு புல்லி மடல்கள். ஆகவே ஒரே ஒரு பூ கைக்குக் கிடைத்தால் போதும், இந்த இரண்டையும் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

அந்த இரண்டு குட்டி இதழ்களை நான் மறக்கவில்லை. மழை தொடங்கி எங்கள் தெருப் புளியமரம் பூத்தபோது ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று இதழ் பெரிதாக, மஞ்சளில் சிவப்பு நரம்போடு. இரண்டு வெறும் மயிரிழையாக. அதே கணக்கு! புளியும் ஆம்ஹெர்ஸ்டியாவும் நெருங்கிய உறவு என்று தாவரவியலார் சொல்வதைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். மரபணு ஆய்வை வைத்து 2017இல் அவரைக் குடும்பத்தை ஆறு துணைக்குடும்பங்களாகத் திருத்தி அமைத்தார்கள். ஆம்ஹெர்ஸ்டியா, சராகா, புளி மூன்றும் டெட்டாரியாய்டியே என்ற ஒரே துணைக்குடும்பத்தில் வந்தன. அதற்குள்ளும் புளியும் ஆம்ஹெர்ஸ்டியாவும் ஒரே பிரிவு, சராகா வேறு பிரிவு. சரக்கொன்றையும் செம்மயிற்கொன்றையும் சிசால்பினியாய்டியே. திஞ்ஜான் என்கிற பர்மியப் புத்தாண்டுச் சமயத்தில் பூக்கிற படவுக் மரம், பட்டாணியோடும் அவரையோடும் பாப்பிலியோனாய்டியேவில் இருக்கிறது. ஆம்ஹெர்ஸ்டியா பேரினத்தில் இனம் ஒன்றே ஒன்றுதான், நோபிலிஸ். அதற்கு நம் பர்மாதான் சொந்த ஊர்.

அண்ணனுடைய தொட்டிகளில் அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறிய சீட்டுகள் தொங்குகின்றன. பர்மியப் பெயர், தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், துணைக்குடும்பம், எல்லாம் இருக்கிறது. வேறு எந்தப் பண்ணையிலும் நான் இதைப் பார்த்ததில்லை. குறை என்றால், துணைக்குடும்பப் பெயர்கள் பழையவை. 2017க்கு முந்தைய வழக்கப்படி ஆம்ஹெர்ஸ்டியாவைச் சிசால்பினியாய்டியே என்று போட்டிருந்தார். சொன்னதும் முகம் சுளிக்காமல் தகட்டைத் திருப்பி, பின்பக்கம் புதிதாகக் கீறினார். சராகா சீட்டிலும் ஒரு கவனம் தேவை. இங்கே நம் பக்கம் இருப்பது சராகா இண்டிகா. இந்தியாவின் அசோக மரம் சராகா அசோகா என்ற தனி இனம். பெயரில் இண்டிகா இருக்கிறதே என்று ஊர்க்காரர்கள் மருந்துக்குப் பட்டை கேட்டு வருவதாக அண்ணன் சொன்னார். அவர் கொடுப்பதில்லை, அது சரிதான்.

இந்த மரம் நம் வட்டாரத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை அங்கே வருகிற பிள்ளைகளுக்கும் சொல்கிறார். பாஅன் பக்கத்தில், சல்வின் கரையில் கோகுன் குகை இருக்கிறதல்லவா? 1827இல் கல்கத்தா தாவரத் தோட்டத்து வாலிச் அங்கே ஒரு மடத்தின் பாழடைந்த தோட்டத்தில்தான் இந்த மரத்தைக் கண்டார். குகைக்குள் புத்தர் சிலைகளின் முன் இந்தப் பூவைக் கைநிறைய வைத்திருந்தார்களாம். கவர்னர் ஜெனரல் ஆம்ஹெர்ஸ்ட் பிரபுவின் மனைவி, மகள் இருவரையும் சிறப்பித்து அவர் பெயர் வைத்தார். இப்போது கியாக்காமி என்கிற ஊருக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் ஆம்ஹெர்ஸ்ட் என்றுதானே பெயர். டெவன்ஷயர் பிரபு இந்த மரத்துக்காகவே 1835இல் ஓர் ஆளைக் கப்பலேற்றி அனுப்பினார். ஆனால் இங்கிலாந்தில் முதலில் பூத்தது அவரிடம் இல்லை, 1849இல் லண்டன் அருகே ஈலிங்கில் லாரன்ஸ் அம்மையாரின் கண்ணாடிக் கூடத்தில்.

இனி கன்று. விதையில் வந்ததல்ல, விண்பதியன். தோட்டத்தில் வளர்க்கும் மரங்களில் காய் பிடிப்பதே அபூர்வம், அதனால் பதியன்தான் வழி என்றார் அக்கா. கிளையில் பட்டையை வளையமாகச் சீவி, ஈரத் தேங்காய்நார் வைத்துப் பிளாஸ்டிக்கில் கட்டியிருந்த பதியன்கள் தாய்மரத்தில் நிறைய இருந்தன. நார்ப்பந்துக்குள் வெள்ளை வேர் வெளியே தெரிகிற அளவு வந்தால்தான் அறுக்கிறார். நான் கேட்ட கிளையைப் பார்த்துவிட்டு, "இது இன்னும் ஆகல, வேற எடுத்துக்கங்க" என்று மறுத்துவிட்டார். விற்றால் போதும் என்று நினைக்காத கை.

விலை சராகாவைவிட மூன்று மடங்கு. பதியன் எத்தனை தப்பிப் பிழைக்கிறது என்று பார்த்தால் அது நியாயம். பேரம் பேச வேண்டாம். வண்டியில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், ஆனால் சொன்ன நாளுக்கு வரவில்லை; போன் செய்தாலும் எடுக்கவில்லை. குழி வெட்டி வைத்துவிட்டு ஆளுக்குக் கூலியும் கொடுத்துக் காத்திருந்தோம். இதை அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும். தானே போய் எடுத்துவர முடிந்தவர்கள் அப்படியே செய்யுங்கள்.

கன்று இப்போது துளிர்விட்டிருக்கிறது. கொழுந்து செம்பழுப்பாகத் துவண்டு தொங்குவதைப் பார்த்துப் பட்டுப்போயிற்று என்று பூசாரி ஐயா பதறினார். இந்த மரத்துக்கு அதுதான் இயல்பு, முற்றினால் நிமிர்ந்து பச்சையாகிவிடும். மோல்மேனில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்வதால் ஈரத்துக்குக் குறைவில்லை, கோடையில் மட்டும்தான் பாடு. வறண்ட காற்றும் நேர் வெயிலும் ஆகாது. பாதி நிழலில், மட்கிய எரு நிறையப் போட்டு, அடியில் இலைச்சருகு மூடி வையுங்கள். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், ஒன்றைக் கழித்தது அந்த வண்டிக்காக. பூவைப் பார்த்து வாங்க வேண்டுமானால் தை முதல் பங்குனிக்குள் போங்கள். அப்போதே பணம் கட்டி வைத்துவிட்டு, மழை ஆரம்பித்ததும் கன்றை எடுத்துக்கொள்ளலாம்.