மீட்டியோர் ஸ்வார்ம்: 40 பகடை உருட்டத் தகுமா?

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில், 17ஆம் லெவல் தொட்ட விசார்டு, சோர்சரர் ஆகிய மந்திரவாதிகளுக்கு ஒன்பதாம் லெவல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) ஒன்றே ஒன்றுதான். அதை நினைத்ததை நடத்தும் விஷ் மந்திரத்துக்கு வைப்பதா, விண்கல் பொழியும் மீட்டியோர் ஸ்வார்முக்குக் கொடுப்பதா? எதிரே நிற்பது படையா, ஒற்றை ஆளா என்று பார்த்து முடிவெடுங்கள். இங்கே சொல்வதெல்லாம் 2014 புத்தக விதிப்படி.

வீச்சு ஒரு மைல். 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தைப் படுக்க வைத்தால் மூன்றரைக் கோபுர நீளம். கண்ணுக்குத் தெரியும் நான்கு இடத்தைக் காட்டினால், ஒவ்வொன்றிலும் 40 அடி ஆரத்துக்கு வெடிக்கும். 20 அடி அகலக் கடை வரிசையில் ஒரு குண்டுக்கு நாலு கடை காலி. மூலை திரும்பியும் பரவுவதால் காக்கி லிமா தூணுக்குப் பின்னால் பதுங்கியும் பயனில்லை.

சேதம் நெருப்பில் 20 பகடை, மோதலில் 20 பகடை, எல்லாம் ஆறுமுகம். சராசரி 70ம் 70ம், டெக்ஸ் சேவ் (சுறுசுறுப்பால் தப்பிக்க எதிரி உருட்டும் பகடை) ஜெயித்தால் பாதி. பலரும் சறுக்குவது இங்கேதான்: நாலு குண்டையும் ஒரே தலையில் இறக்கினால் நாலு மடங்கு என்று கணக்குப் போடுகிறார்கள். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான் அடி. வட்டங்களைத் தள்ளித் தள்ளிப் போடுங்கள்.

மேசை வேலையும் உண்டு. 12 மில்லிமீட்டர் பகடைப் பெட்டியில் வழக்கமாக 36தான் இருக்கும், நாலு குறையும். இரண்டு நிறத்தில் வாங்கி, சிவப்பு 20 நெருப்புக்கு, சாம்பல் 20 மோதலுக்கு என்று தனித்தனியே உருட்டுங்கள். கலந்து உருட்டினால் நெருப்பு சுடாத எதிரி வந்ததும் கணக்கு குழம்பிவிடும். எல்லாருக்கும் சேர்த்து ஒரே உருட்டு போதும். ஐந்து அடிக்கு ஓர் அங்குலக் கட்டம் என்றால் ஆரம் எட்டு அங்குலம், அதற்கு ஒரு நூல்துண்டு வெட்டி வைத்துக்கொள்ளலாம். மாமாக் கடை மேசை என்றால் முதலில் தே தாரேக் கிளாஸ்களை நகர்த்துங்கள், ஒரு வட்டமே 16 அங்குலம்.

ஒற்றை எதிரிக்கு இது நஷ்ட வியாபாரம். கிழட்டுச் சிவப்பு டிராகனுக்கு 546 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), நெருப்பு அதற்குத் தென்றல். சேவ் தோற்றாலும் மிஞ்சுவது 70, ஜெயித்தால் 35. போதாததற்கு, தோற்ற சேவை ஜெயித்ததாக மாற்றிக்கொள்ள அதற்கு நாளுக்கு மூன்று வாய்ப்பு.

மந்திரத்தை முறிக்கும் கவுண்டர்ஸ்பெல் எட்டும் தூரம் 60 அடிதான், அதைத் தாண்டி நின்று போடுங்கள். பொருள் எதுவும் தேவையில்லை, ஆனால் வாய் திறந்து சொல்லியாக வேண்டும், சத்தத்தை அடக்கும் சைலன்ஸ் மந்திரத்துக்குள் சிக்கினால் கதை முடிந்தது. நம் ஆட்கள் நடுவில் மாட்டியிருந்தால் எவோக்கேஷன் என்ற மந்திரப் பள்ளி விசார்டே கைகொடுப்பார்: அவருடைய ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் திறனில் கண்ணுக்குத் தெரியும் பத்துப் பேர் வரை ஒரு கீறலின்றித் தப்புவார்கள். அறையில் திறந்து கிடக்கும் சுருள்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. முதலில் அள்ளிக்கொண்டு பிறகு கொளுத்துங்கள்.